குச்சி ரூம் கதவு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இடுப்புல குத்துதா? அது சாவிக்கொத்து. மடியில கட்டியிருக்கேன். பதினேழு சாவி, அரைக் கிலோ தேறும். இதுல ஒண்ணுகூட என் வீட்டுச் சாவி இல்ல. என் வீட்டுக்குப் பூட்டே கெடையாது. பூட்டி வைக்கிற அளவுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. இது பூராம் ஆபீஸ் சாவி.

ஆபீஸ்னா நீங்க நினைக்கிற ஃபேனு, மேஜை, நாற்காலி ஆபீஸ் இல்ல. தீப்பெட்டி ஆபீஸ். எங்க பக்கம் தீப்பெட்டிக் கம்பெனிய ஆபீஸ்னுதான் சொல்றது. நீங்க எந்த ஊரு? திருச்சியா. அப்பத் தெரியாது. அடுப்புப் பத்தவைக்கத் தெரியும், குச்சி எங்கருந்து வருதுன்னு தெரியாது. வடக்க இருக்கவங்க எல்லாருமே அப்படித்தான்.

தூத்துக்குடிக்குத்தானே போறீங்க? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான், கலெக்டர் ஆபீஸுக்கு. இன்னைக்குத் திங்கக்கிழமைல்ல, மனு வாங்குவாக. உங்க சட்டைப் பையில பேனா தெரியுது. ஒரு உதவி செய்யணும். நான் சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதித் தரணும். எனக்கு எழுதத் தெரியாதுன்னு நினைச்சிராதீங்க. முப்பத்தொரு வருசம் சூப்பர்வைசரா இருந்தவன். கைதான் இப்ப நடுங்குது. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறவன் ஒருத்தன் மரத்தடியில உக்காந்திருப்பான். அவன் எல்லாருக்கும் ஒரே மனுவத்தான் எழுதுவான். போன தடவை எனக்கே 'ஆதரவற்ற விதவையாகிய நான்'னு ஆரம்பிச்சுட்டான்.

இந்தாங்க வெள்ளப் பேப்பரு. அனுப்புநர், கொண்டல்சாமி, கீழச்செவக்குளம். பெறுநர், மாவட்ட ஆட்சியர் அவர்கள். பொருள்னு போட்டு அந்த வரிய விட்டுருங்க. விஷயத்த முழுசாக் கேட்டுட்டு நீங்களே நல்ல வார்த்தையாப் பாத்துப் போடுங்க.

விஷயம் என்னன்னா, எங்க ஊருப் பொம்பளைக சேந்து ஆபீஸ ஆக்கிரமிச்சுட்டாளுக.

இருங்க, ஆக்கிரமிச்சுட்டாளுகன்னு எழுதாதீங்க. மொதலாளி மகன் எழுதிக் குடுத்திருக்காரு. அதுவும் சொல்றேன்.

ஆபீஸு நடந்தப்ப முன்னூறு பேரு வேல பாத்தாக. விடிய முன்னாடியே சுத்துப்பட்டி ஊருக்கெல்லாம் ஆபீஸ் வண்டி போயி ஆள் ஏத்திட்டு வந்துரும். மருந்துல முக்குறதுக்குக் குச்சியக் கட்டையில அடுக்குறவுக ஒரு செட்டு, பெட்டி ஒட்டுறவுக ஒரு செட்டு, குச்சி அடைக்கிறவுக ஒரு செட்டு. நான் உள்ள காலடி எடுத்து வச்சா இருமல் சத்தம்கூட நின்னுரும். அம்புட்டுப் பயம். அப்புறம் மிஷினு வந்துச்சு, எங்கள மாதிரி கைவேல ஆபீஸ் ஒவ்வொண்ணா மூடுனாக. பெரிய மொதலாளி சாகுறதுக்கு முன்னாடி என்னயக் கூப்பிட்டு, "கொண்டல்சாமி, சாவி உன் கையிலயே இருக்கட்டும்"னாரு. சம்பளம் கிம்பளம் நான் கேக்கல. சாவியக் குடுத்தாருல்ல, அது போதும்.

பதினாலு வருசம் தம்பி. பதினாலு வருசம் ஒரு துரும்பு அசையாமப் பாத்துக்கிட்டேன். மேல ஓடு போச்சு, அது காத்து செஞ்ச வேல. பின்பக்கச் செவரு விழுந்துச்சு, அது மழை செஞ்ச வேல. ஜன்னல் கம்பியெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. களத்துல சீமக்கருவேலம் ஆள் உசரத்துக்கு வளந்துச்சு, அது யாரு சொன்னாலும் வளரும். குடிக்கிற பயலுக பின்னாடி வழியா வந்து குடிச்சுட்டுப் போவானுக. ஆனா முன்பக்க கேட்டு? அதுல ஒருத்தன் கை வச்சிருக்க முடியுமா? மாசம் ஒரு தடவை பூட்டுக்கு எண்ணெய் விட்டிருக்கேன். இன்னைக்கும் தொட்டாத் தொறக்கும்.

இப்ப இந்தப் பொம்பளைக கதைக்கு வாரேன்.

எங்க பக்கம் கரிசக்காடு. உளுந்து, பாசி, கம்பு, இதுதான் வெள்ளாமை. அறுத்துக் கொண்டாந்து எங்க காயப்போடுவாக? ரோட்டுல. தார் ரோட்டுல விரிச்சுப் போட்டா வெயிலும் காயும், போற வார லாரி மிதிச்சு நெத்தும் ஒடையும். எங்க அப்பன் காலத்துல இருந்து அப்படித்தான். ரோடு இருக்கது எதுக்கு? அத இப்ப நாலு வழி ஆக்கிட்டானுக. காருக்காரனுக பறந்துல்ல வாரானுக. போன மாசிக்கு முந்துன மாசி, மாரிக்கனின்னு ஒருத்தன் உளுந்தக் கிண்டிவிட்டுக்கிட்டு நின்னான். கார் அடிச்சுருச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாக. நான் அவன் பொண்டாட்டி பொன்னுக்கிளிகிட்டயே சொன்னேன், ரோட்டப் பாத்து நின்னுருக்கணும், உளுந்தப் பாத்து நின்னா இப்படித்தான்னு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நல்லது சொன்னா யாருக்குப் பிடிக்குது?

அதோட விட்டிருக்கலாம். விடலையே. அங்கதான் வெயிலுகந்தா வாரா.

வெயிலுகந்தம்மன் கோயிலுக்கு நேந்து பெத்த பிள்ளை, அதான் அந்தப் பேரு. வெயிலுன்னு கூப்பிடுவோம். நாப்பது வயசு இருக்கும். மகளிர் குழுவுக்குத் தலைவி. தலைவின்னா என்ன, ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு போனு. இந்த மூணையும் குடுத்தா எங்க ஊர்ல ஆட்டுக்குட்டியும் தலைவர்தான். ஆபீஸ்ல எங்கிட்ட வேல பாத்தவதான். ஒம்பது வயசுல அவ ஆத்தா கையப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டா. வயசு பதினாலுன்னு நான்தான் எழுதிச் சேத்துக்கிட்டேன். நான் எழுதாட்டி அன்னைக்கு அவ வீட்டுல உலை ஏறியிருக்காது. அந்த நன்றி இருக்கணும்ல? இருக்காது. ஏறிப் போனவன் ஏணிய எங்க நினைக்கான்?

கிறுக்கச்சி வேற. ஊருக்கே தெரியும். அவ வீட்டுக் கதவு மார்கழிக் குளிர்லயும் தொறந்துதான் கெடக்கும். பஸ்ல ஏறுனா வாசப்படிக்குப் பக்கத்து சீட்டு இருந்தாத்தான் உக்காருவா, இல்லாட்டி நின்னுக்கிட்டே வருவா. குளிக்கப் போனாத் தாப்பாப் போட மாட்டா, மகள வெளிய காவலுக்கு நிப்பாட்டுவா. பேங்குல மேனேஜர் ரூமுக்குள்ள கூப்பிட்டாக் கதவத் தொறந்து வச்சாத்தான் வருவேன்னு சொல்லியிருக்கா. அந்த மேனேஜர் என்ன நினைச்சிருப்பாரு? இப்பேர்ப்பட்டவ பின்னாடி நாப்பது பொம்பளைக போறாளுக. குருடிக்குக் குருடி கோல் பிடிச்ச கதை.

மாரிக்கனிக்குக் கால் போன பதினஞ்சாம் நாளு, இவ எங்கிட்ட வந்தா. "அண்ணாச்சி, ஆபீஸ் சும்மாதானே கெடக்கு. பெட்டி காயப்போட்ட சிமெண்டுக் களம் இருக்கு. அத ஊருக்குக் களமா வச்சுக்கிடுவோம். ஷெட்டுல மூடைய அடுக்கிக்கிடலாம். காட்டு வேலைக்குப் போறப்ப பிள்ளைகளையும் அங்க விட்டுட்டுப் போகலாம்"னா.

நான் சிரிச்சேன். "இது என்ன ஓங்க அய்யா கட்டுன சத்திரமா?"ன்னு கேட்டேன்.

அவ திரும்பிப் போயிட்டா. கோயம்புத்தூர்ல இருக்க மொதலாளி மகன் நம்பர எப்படியோ பிடிச்சுப் பேசிட்டா. அந்தத் தம்பிக்கு ஆபீஸ் எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது. பொறந்ததுல இருந்து ரெண்டு தடவை வந்திருப்பாரு, ரெண்டு தடவையும் காருக்குள்ளயே இருந்தாரு. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மாவும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. போன ஆவணியில பத்து வருசத்துக்கு ஊர் பொது உபயோகத்துக்குன்னு அந்தத் தம்பி எழுதி அனுப்பிட்டாரு. கட்டடத்தப் பழுது பாத்து வச்சுக்கிடணுமாம், அவ்வளவுதான் நிபந்தனை. என்னய ஒரு வார்த்தை கேக்கல. பதினாலு வருசம் சாவி வச்சிருந்தவன் நானு. கடுதாசியில என் பேரே இல்ல.

சரி, பேசிப் பாத்தா ஆகாது, பயமுறுத்திப் பாப்போம்னு ஒரு விஷயத்த எடுத்து விட்டேன். "அந்தக் களத்துல முப்பது வருச மருந்து ஊறியிருக்கு தாயிகளா. உளுந்தப் போட்டீங்கன்னா ஒரு நாளைக்கு மத்தியான வெயில்ல பக்குன்னு பிடிச்சிரும். அப்புறம் கொண்டல்சாமி சொல்லலன்னு சொல்லப்படாது"ன்னேன். நாலு பேரு பயந்துட்டாளுக. வெயிலு பயப்படல. ஏழு நாள் சாணியக் கரைச்சு ஊத்தி ஊத்திக் கழுவுனாளுக. அப்புறம் ஒரு படி உளுந்த அங்க காயப்போட்டு, அள்ளி யாருக்குப் போட்டாளுக தெரியுமா? என் கோழிக்கு. நான் வெளிய போயிருந்த நேரம் பாத்து. மூணு நாளு அந்தக் கோழியவே எல்லாரும் குறுகுறுன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காளுக. அந்த மூதேவி சாகலையே, வஞ்சகம் இல்லாம முட்டையில்ல போட்டுச்சு.

அப்புறம் என்ன, களத்துல எறங்கிட்டாளுக. சீமக்கருவேலத்த வேரோட பிடுங்குனாளுக. கை பூராம் முள்ளு. ஓடு மாத்துனாளுக. வெள்ளை அடிச்சாளுக, நீலம் கூடிப்போச்சு, பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. ஒருத்திக்கும் ரசனை கெடையாது. வாசல்ல 'பொதுக் களம்'னு ஒரு போர்டு. யாரு என்னைக்குக் காயப்போடுறதுன்னு சண்டை வரும், அன்னைக்குச் சந்தி சிரிக்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டாளுக. வாரத்துக்கு ஒரு நாள் குச்சி எடுக்கிறது. ஒரு கை தீக்குச்சி, அதுல மருந்து இல்லாத மொட்டைக் குச்சி நாலு. மொட்டைக் குச்சி எடுத்தவளுக்கு அந்த வாரம் களம். குச்சிய யாரு கையில வச்சுப் பிடிக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப, வெயிலுதான் சொல்லியிருக்கா, அண்ணாச்சி பிடிக்கட்டும், அவருதான் குச்சி பிடிச்ச கைன்னு. நானும் போய்ப் பிடிக்கேன். எனக்கென்ன ஆசையா? நான் பிடிக்கலன்னா ஏமாத்திருவாளுக. அன்னைக்கு ஒரு டீ தருவாளுக. மத்தியானம் பிள்ளைகளுக்குப் பொங்குறதுல எனக்கும் ஒரு தூக்குவாளி வந்துரும். தினமும் வருது. உப்பு கம்மி. சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்.

என்ன கேக்கீங்க? ஆமா, உளுந்து இப்ப ரோட்டுல காயல. ஒருத்தனுக்கும் கால் போகல. அதுக்கென்ன, இன்னும் ஒரு வருசம்கூட ஆகலையே.

எழுதுறீங்களா, சும்மா இருக்கீங்களா? சரி, முழுசாக் கேட்டுட்டே எழுதுங்க.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் எனக்குத் திருப்தி. கேட்டுச் சாவி எங்கிட்டத்தான் இருக்கு. அத மட்டும் குடுக்க மாட்டேன்னுட்டேன். பின்பக்கச் செவரு விழுந்து கெடக்கு, மாட்டு வண்டியே போகலாம். பொம்பளைக எல்லாரும் அந்த வழியாத்தான் போவாளுக, வருவாளுக. வெயிலு மட்டும் போக மாட்டா. காலைல ஆறு மணிக்கு வெளக்குமாத்தோட முன்பக்க கேட்டுல வந்து நிப்பா. நான் போய்ப் பூட்டத் தொறந்து, கேட்டத் தள்ளி விட்டாத்தான் உள்ள வருவா. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். எட்டரை மணி வரைக்கும் எந்திரிக்கல. பொன்னுக்கிளி வந்து எழுப்புறா. "அண்ணாச்சி, அவ நிக்கா. பின்னாடி வழியா வாடின்னாலும் வரமாட்டேங்கா. அவரு கையால தொறக்கட்டும்கிறா"ன்னு சொல்றா. போர்வையப் போத்திக்கிட்டே போய்த் தொறந்து விட்டேன். என் மூஞ்சியவே பாத்தா. உள்ள போயிட்டா.

அது என்ன? மரியாதை. என்ன இருந்தாலும் பழைய சூப்பர்வைசர்ங்கிற மரியாதை. மத்த கழுதைகளுக்கு இல்லாதது அவளுக்காச்சும் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த நினைப்புலதான் போன வியாழக்கிழமை மண்ணு விழுந்துச்சு.

மனுவே இதுக்குத்தான். கேளுங்க. உள்ள குச்சி ரூம்னு ஒண்ணு உண்டு. தீக்குச்சி நமுத்துறக் கூடாதுன்னு ஜன்னலே வைக்காமக் கட்டுன ரூமு. பத்துக்கு எட்டு இருக்கும். அதுக்கு ஒரு தேக்குக் கதவு. பெரிய மொதலாளி செங்கோட்டையில இருந்து மரம் எடுத்துச் செஞ்சது. ரெண்டு ஆள் தூக்கணும். அதோட சாவிதான் இது, இந்தா, பெருசா இருக்குல்ல, இது. வியாழக்கிழமை நான் போறேன், கதவக் காணோம். நிலை மட்டும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கி. ஆசாரிய வச்சுக் கீலக் கழட்டி, கதவக் கொண்டு போயி ஷெட்டுல நாலு செங்கல் மேல படுக்கப் போட்டுருக்காளுக. அது மேல பிள்ளைக வரிசையா உக்காந்து முட்டை திங்குதுக. தேக்குக் கதவு தம்பி. அது மேல மஞ்சக்கரு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "எவ சொல்லிடி கழட்டுனீங்க?"ன்னு சத்தம் போட்டேன். வெயிலு வந்தா. "நான்தான் அண்ணாச்சி. அந்த ரூமுக்குக் கதவு வேண்டாம். பிள்ளைக படுத்து எந்திரிக்கிற எடம், காத்து வரட்டும்"னா. மேல் செவத்துலயும் ஒரு ஓட்டைய ஒடைச்சு ஜன்னலு வச்சாச்சு. "சாவிய என்ன செய்யச் சொல்லுத?"ன்னு கேட்டேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டும்"னா. கதவில்லாத சாவிய வச்சு நான் என்ன பல்லு குத்தவா? அத்தனை பேரும் நிக்காளுக. மாரிக்கனி கட்டைக் காலோட உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான். என்னய அப்படி ஒருத்தரும் கேவலப்படுத்துனதில்ல. மூணு நாளு சோறு எறங்கல. தூக்குவாளி வந்துச்சு, அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். ஒரு நாளு மட்டும் வாங்கிக்கிட்டேன்.

அதான் இன்னைக்கு விடியங்காட்டியும் கொத்தோட எடுத்து மடியில கட்டிட்டுக் கெளம்பிட்டேன். எப்படித் தொறக்காளுகன்னு பாப்போம். கதவ அதே நிலையில மாட்டணும், கொண்டல்சாமிதான் பொறுப்பாளர்னு எழுத்துல வேணும். இதுதான் கோரிக்கை. இப்ப எழுதுங்க. 'எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீஸில் உள்ள ஒரு ரூம் கதவை.' ஆமா.

எந்த ரூம்னா? சொன்னேனே, குச்சி ரூம். அந்தப் பேரப் போடணுமா? போடாட்டி எந்த ரூம்னு கேப்பாகளோ? கேக்கத்தான் செய்வாக. அங்க இருக்கவுக எல்லாம் துருவித் துருவிக் கேக்குற ஆளுக. என்ன வச்சிருந்தீங்க, எதுக்குப் பூட்டுனீங்கன்னு கேப்பாக. குச்சி வச்சிருந்தோம். அவ்வளவுதான். அதுல என்ன இருக்கு?

எப்பவாச்சும் பிள்ளைகளையும் வைப்போம்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. எல்லா ஆபீஸ்லயும் உண்டு. ரோடு பிரியுற விலக்குல டீக்கடைக்காரர் தோள்ல கெடக்க துண்ட எடுத்து ஆட்டுனாருன்னா லேபர் ஆபீசர் ஜீப்பு திரும்புதுன்னு அர்த்தம். உடனே சின்னதுக எல்லாத்தையும் எழுப்பிக் குச்சி ரூமுக்குள்ள விட்டு வெளிய பூட்டிருவோம். பத்து நிமிஷ வேல. ஜீப்பு போனதும் தொறந்து விட்டுருவோம். அதுகளுக்கே அது ஒரு விளையாட்டு மாதிரிதான். சிரிச்சுக்கிட்டேதான் ஓடுங்க.

ஒரு தடவை மட்டும் நேரமாயிருச்சு. சித்திரை மாசம். பதினோரு பிள்ளைக உள்ள. வந்த ஆபீசர் போகல. மொதலாளி என்னயக் கூப்பிட்டு, கோவில்பட்டி போயி ஆபீசருக்குக் கறிச்சாப்பாடு வாங்கிட்டு வான்னாரு. போனேன். சாவி மடியிலதான் இருந்துச்சு, இதே கொத்து. வேற ஆள்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கலாம். சாவிய நான் யார்கிட்டயும் குடுக்கிறதில்ல. திரும்பி வந்தா, ஆபீசர் சாப்பிட்டு முன்ரூம்லயே படுத்துட்டாரு. அவரு அங்க படுத்திருக்கப்ப நான் எப்படித் தொறக்க? மொதல்ல உள்ளருந்து தட்டுச்சுக. சரக்கு ஏத்துறாப்புல பெட்டியப் போட்டு உருட்டச் சொன்னேன், சத்தம் கேக்காம. அப்புறம் தட்டல. தட்டாதது நல்லதுன்னு நினைச்சேன்.

அஞ்சு மணிக்குத் தொறந்தேன். பத்துப் பிள்ளைக ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வெளிய வந்துச்சுக. ரெண்ட வண்டிக்காரர் தூக்கிட்டுப் போயி தண்ணித் தொட்டியில போட்டாரு. எல்லாம் பொழைச்சுக்கிட்டுதுக தம்பி. ஒண்ணும் ஆகல. நல்லா எழுதிக்கோங்க, ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல.

வெயிலு மட்டும் வரல. எட்டிப் பாத்தேன். கதவுக்குப் பின்னாடி, செவரோட ஒட்டி நிக்கா. பாவாடை நனைஞ்சிருக்கு. வெரல் நகத்துல ரத்தம். "வா, வெளிய வா"ன்னேன். வந்தா. அழுகல. என் மூஞ்சியவே பாத்தா. பாத்துட்டு, "நாளைக்கும் வரணுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டா.

"வராம? வண்டி எப்பவும் போல வந்துரும், நேரத்துக்கு ஏறு"ன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? மறுநாளு வந்தா. வண்டியில வாசப்படிகிட்ட உக்காந்து வந்தா.

என்ன தம்பி, பேனாவ மூடிட்டீங்க.

சரி. குச்சி ரூமுன்னு எழுதுனீங்கல்ல, அத அடிச்சிருங்க. கதவுன்னு மட்டும் இருக்கட்டும். எந்தக் கதவுன்னு கேப்பாகளே. அப்பக் கதவையும் அடிச்சிருங்க. பொறுப்பாளர்னு போட்டது? எதுக்குப் பொறுப்புன்னு கேப்பாகல்ல. அதையும் அடிங்க. இப்ப என்ன மிச்சம் இருக்கு? என் பேரும் கலெக்டர் பேரும்தானா. அத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. குடுங்க பேப்பர. மடிச்சு வச்சுக்கிடுறேன்.

மரியாதைன்னு சொன்னேன்ல தம்பி, கேட்டுல வந்து நிக்கிறத.

இது எந்த ஊரு? குறுக்குச்சாலையா? மணி என்ன? எட்டு அஞ்சா. ரொம்ப நேரம் காத்துக் கெடந்து நான் இந்த பஸ்ல ஏறுனப்ப மணி ஏழு. எங்க ஆபீஸத் தாண்டித்தான் வந்துச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். நின்னுக்கிட்டு இருந்தா, வெளக்குமாத்தோட. பஸ்ஸப் பாக்கல, கேட்டையே பாத்துக்கிட்டு நின்னா. நல்லா நில்லுடின்னு நினைச்சுக்கிட்டேன். அப்ப அப்படித்தான் நினைச்சேன்.

போயிருப்பாளா? பின்னாடி வழியா உள்ள போயிருப்பாளா? போயிருக்க மாட்டா. அவ குணம் எனக்குத் தெரியும். பிடிவாதம் பிடிச்ச கழுதை. வெயில் ஏறிருச்சு பாத்தீங்களா, எட்டு மணிக்கே எப்படிக் காயுது. அங்க கேட்டுப் பக்கம் ஒரு பொட்டு நெழல் கெடையாது.

கொஞ்சம் வழி விடுங்க தம்பி. சாவி இடிக்குதா, பொறுத்துக்கிடுங்க. கண்டக்டரு, நிப்பாட்டுங்க, நான் இங்கயே எறங்கிக்கிடுறேன். மிச்ச டிக்கெட்டா? அது கெடக்கட்டும். எதிர்ப்பக்கம் கோவில்பட்டி வண்டி எப்ப வரும்? சீக்கிரம் வரணும். ஒருத்தி நிக்கா. நான் போய்த் தொறந்து விடணும்.